அடங்கிவிட்ட நோய்க்கு இரண்டாவது ஊசி எதற்கு?

கேள்வி: 2022-இல் கோவண்டி பக்கம் தட்டம்மையில் குழந்தைகள் இறந்தபோது பயந்து கிடந்தோம். இப்போது எங்கள் தாராவியில் அந்தப் பேச்சே இல்லை. மகனுக்கு ஒன்பது மாதத்தில் ஓர் ஊசி போட்டாயிற்று. இரண்டாவதும் கட்டாயமா டாக்டர்? கல்யாணத்துக்கு நிற்கும் என் தங்கைக்கும் ஏதாவது ஊசி வேண்டுமா?
- ஒரு வாசகி, மும்பை

பதில்: கட்டாயம் போடுங்கள். பேச்சு அடங்கியிருப்பதை நம்பாதீர்கள். 2020, 2021-இலும் மும்பை தட்டம்மையைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. பள்ளி மூடியிருந்தது, முகக்கவசம் இருந்தது, கிருமி பரவ வழியில்லை. அதே ஊரடங்கில் தடுப்பூசிப் பணியும் தடைபட்டது. ஊசி தவறிய பிள்ளைகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போனார்கள். 2022 அக்டோபர் கடைசியில் கோவண்டியில் வெடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோய் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று யாராவது பட்டியலை நீட்டினால், இரண்டாம் தவணை எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் இது கட்டுப்படும். ஒன்பது மாதத்தில் போடும் ஊசியோ நூற்றில் சுமார் 85 பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்கள் மிச்சமிருந்து அதை மழுங்கடிக்கின்றன. மீதிப் பேரில் உங்கள் மகனும் ஒருவனா என்று பார்த்தால் தெரியாது. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவதைப் போட்டுவிடுங்கள்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'ஆத்தா வந்திருக்கா' என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல், இரண்டு நாள் தர வேண்டிய வைட்டமின் ஏ மருந்தையும் தவறவிடுவதுதான் ஆபத்து.

தங்கை விஷயம் வேறு. அவருக்கு யோசிக்க வேண்டியது ரூபெல்லாவைப் பற்றி. அது லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் தடிப்பு என்று போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. அதனால் கணக்கில் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தாலோ, குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஏற்படலாம். மகாராஷ்டிராவில் 2018 நவம்பரில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள். அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்தால், தனியாரிடம் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி போட்டாரா என்று பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பே போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பமான பின் இந்த ஊசி போடக் கூடாது.