பாடம் தெரிந்தால் மட்டும் போதுமா?
ஆய்வு மாணவர்களை நல்ல ஆசிரியர்களாக வளர்ப்பது பற்றி ஒரு பாடம்



நமது அறக்கட்டளையின் உதவித்தொகை பெறும் மாணவர்களோடு ஒரு நாள் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போது முனைவர் பட்ட ஆய்வில் முதலாண்டில் இருக்கும் ஒரு சகோதரி தன் அனுபவத்தைச் சொன்னார். வேதியியலில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை துறையிலிருந்து அவருக்குத் தகவல் வந்தது. திங்கட்கிழமை முதல் இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கு டியூட்டோரியல் வகுப்பு எடுக்க வேண்டும். எதை நடத்துவது, எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் தூங்காமல் குறிப்பெடுத்துக்கொண்டு போனார். 50 நிமிடமும் கரும்பலகையைப் பார்த்தபடியே எழுதினார். கடைசியில் திரும்பி, "புரிந்ததா?" என்று கேட்டார். "புரிந்தது மேடம்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அடுத்த வாரத் தேர்வில் பாதிப் பேர் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

"எனக்குப் பாடம் நடத்த வராது. ஆராய்ச்சியோடு நின்றுகொள்கிறேன்" என்றார் அந்தச் சகோதரி.

இங்கே இழப்பு ஒருவருக்கு மட்டும் இல்லை. அவர் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை இழந்தார். அந்த வகுப்பில், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் ஒரு பாடத்தை இழந்தார்கள். சிலர் அந்தப் பாடத்தின் மீதான ஆசையையே இழந்திருக்கலாம். இந்த இழப்பை எப்படித் தவிர்ப்பது என்பதே இம்மாதப் பாடம்.

யார் இவர்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் பலர் கற்பித்தல் உதவியாளர்களாக வேலை செய்கிறார்கள். பேராசிரியர் பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானோருக்கு விரிவுரை நடத்துவார். அதே மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து விளக்குவதும், ஆய்வகத்தில் உடன் நிற்பதும், விடைத்தாள் திருத்துவதும் இந்த உதவியாளர்களின் பணி. பதிலுக்கு மாத ஊதியமும், பெரும்பாலும் கட்டண விலக்கும் கிடைக்கும். நம் ஊரிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகளில் பலருக்கும் படிப்பைத் தாங்கிப் பிடிப்பது இந்த வேலைதான்.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. ஒன்று, எந்தத் துறையைச் சேர்ந்த ஆய்வாளரானாலும் தம் பாடத்தைக் கற்பிப்பதில் பயிற்சி பெற வேண்டும். இரண்டு, டியூட்டோரியல், ஆய்வகம், மதிப்பீடு ஆகிய பணிகளை வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் அவர்களுக்குக் கொடுக்கலாம். நடைமுறையில் இரண்டாவதை நிறைவேற்றுவது எளிது; ஒரு கால அட்டவணை போதும். முதலாவதற்கு ஆளும் நேரமும் அக்கறையும் வேண்டும். அதனால் வேலை முதலில் வந்துவிடுகிறது, பயிற்சி பின்தங்கிவிடுகிறது.

நமக்குப் புதிதல்ல

பாக்தாதில் 1067-ல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா போன்ற மதரஸாக்களில் 'முஈத்' என்று ஒருவர் இருந்தார். 'திரும்பச் சொல்பவர்' என்பது அச்சொல்லின் பொருள். உஸ்தாத் பாடம் நடத்தி முடித்த பிறகு, மாணவர்களோடு அமர்ந்து அதை மீண்டும் விளக்கி, புரியாததைப் புரியவைப்பது அவர் பொறுப்பு. உஸ்தாதின் நிழலிலேயே இருந்து அவர் கற்பித்தலைப் பழகினார்.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789-ல் சென்னையில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்தார். 1797-ல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செலவு குறைவு என்பதால் எல்லோரும் விரும்பினார்கள். ஆனால் உதவியாளர்களான பிள்ளைகளுக்கே முறையான பயிற்சி இல்லாததால், பாடம் வெறும் ஒப்பித்தலாகச் சுருங்கியது. 1846-ல் அங்கே வேறு ஏற்பாடு வந்தது. ஆசிரியராக விரும்பும் மாணவர், ஒரு தலைமையாசிரியரிடம் 5 ஆண்டுகள் இருந்து தொழில் பழக வேண்டும் என்றார்கள். உதவியாளரை வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, அவரை வளர்க்கவும் வேண்டும் என்பதே அந்த வரலாறு தரும் படிப்பினை.

மற்றவர்கள் செய்தது

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-லேயே கற்பித்தலை மேம்படுத்துவதற்கென்று தனி மையம் தொடங்கியது. 1993-ல் 'வருங்கால ஆசிரியர்களைத் தயார்படுத்துதல்' என்ற பெயரில் ஒரு தேசியத் திட்டம் வந்தது. 2003-ல் விஸ்கான்சின் மாடிசன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, அறிவியல் துறை ஆய்வு மாணவர்களுக்குக் கற்பித்தலைக் கற்றுத்தரும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு உருவானது. ஆராய்ச்சி செய்பவர் தம் வகுப்பறையையும் ஓர் ஆய்வுக்களமாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எந்த முறையில் நடத்தினேன், மாணவர்கள் என்ன கற்றார்கள், ஆதாரம் என்ன என்று அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த முயற்சிகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஐந்து பாடங்கள் இருக்கின்றன.

1. வகுப்புக்குப் போகும் முன் ஒத்திகை

1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'நுண்கற்பித்தல்' என்ற பயிற்சி உருவானது. ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, நாலைந்து பேர் முன்னால் சில நிமிடங்கள் மட்டும் நடத்த வேண்டும். பார்த்தவர்கள் நிறைகுறைகளைச் சொல்வார்கள். அதையே மறுபடி நடத்த வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறோம் என்பது அந்தச் சகோதரிக்கு இப்படி ஓர் ஒத்திகையிலேயே தெரிந்திருக்கும்.

2. கேள்வி கேட்கும் கலை

"புரிந்ததா?" என்பது கேள்வியே அல்ல. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "இந்த இடத்தில் வெப்பநிலையைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்பது கேள்வி. கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருப்பதைக் கண்டார். அதை 3 விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

இன்னொரு எளிய முறை: முதலில் தனியே யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசு, பிறகு வகுப்புக்குச் சொல். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, பக்கத்து நண்பனிடம் பேசிவிடும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவருக்கு இது பெரிய உதவி.

இவை வெறும் உத்திகள் அல்ல. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியானது. விரிவுரையை மட்டுமே கேட்ட மாணவர்கள், வகுப்பில் தாமும் பங்கெடுத்த மாணவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகத் தோல்வியடைந்தார்கள் என்று அது காட்டியது.

3. மதிப்பெண்ணில் நியாயம்

திருத்துவதும் ஓர் அமானிதம்தான். ஒரே விடைக்கு ஒருவர் 8-உம் இன்னொருவர் 4-உம் போட்டால் பாதிக்கப்படுவது மாணவர். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உதவியாளர்கள் பேராசிரியரோடு அமர்ந்து, அதே ஐந்து விடைத்தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வியைத் திருத்தி முடித்த பிறகு இரண்டாவது கேள்விக்குப் போவது நல்லது. பெயரைப் பார்க்காமல் திருத்துவது இன்னும் நல்லது.

4. நடுவிலேயே கருத்துக் கேட்பது

பருவம் முடிந்தபின் வரும் கருத்துப் படிவம், அந்த வகுப்பு மாணவர்களுக்கு எந்தப் பயனும் தராது. ஐந்தாறு வாரம் ஆனதுமே மாணவர்களிடம் ஒரு துண்டுத்தாள் கொடுத்துக் கேட்கலாம்: எது உதவுகிறது? எது தடையாக இருக்கிறது? என்ன மாற்ற வேண்டும்? பெயர் எழுத வேண்டாம். அடுத்த வகுப்பில், "நீங்கள் சொன்னதில் இதை மாற்றுகிறேன், இதை இன்ன காரணத்தால் மாற்ற முடியாது" என்று அவர்களிடமே சொல்லிவிட வேண்டும்.

அனுபவமுள்ள ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பைப் பார்ப்பதும் அவசியம். அவர் குறித்துக்கொள்வது அந்த ஆய்வாளருக்கு மட்டும் போக வேண்டும். அது கண்காணிப்பு அறிக்கையாக மாறிவிட்டால், யாரும் தம் பலவீனத்தைத் திறந்து பேச மாட்டார்கள்.

5. நேரமும் கண்ணியமும்

அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர், பருவம் நடக்கும்போது வளாகத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக் கூடாது. நம் நாட்டு விதிமுறை 4 முதல் 6 மணி என்கிறது. வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிட்டு, தயாரிப்பையும் திருத்துவதையும் விட்டுவிட்டால், ஆய்வாளரின் சொந்த ஆய்வு நின்றுபோகும். என்ன பணி, எத்தனை மணி, சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மாணவருக்கும் உதவியாளருக்கும் வயது வித்தியாசம் குறைவு. அதனால் பழகும் எல்லைகளையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது இருவருக்கும் பாதுகாப்பு.

நாம் என்ன செய்யலாம்?

உதவித்தொகை கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நாங்களும் எண்ணியிருந்தோம். அந்தச் சகோதரியின் வார்த்தைதான் எங்களை விழிக்க வைத்தது. நம் மஹல்லாக்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, பத்து ஆய்வு மாணவர்கள், ஒரு கரும்பலகை, ஆளுக்கு ஏழு நிமிடம். இவ்வளவு போதும் தொடங்க. வெளிநாட்டில் உதவியாளராக இருந்து திரும்பியவர்கள் தம் அனுபவத்தைச் சொல்லலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடத்திய பாடத்தின் திட்டம், மாணவர்களின் கருத்துகள், நீங்கள் செய்த மாற்றங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போகும்போது, "எனக்குப் பாடம் தெரியும்" என்பதோடு, "எனக்குப் பாடம் நடத்தவும் தெரியும்" என்று சொல்ல அது கைகொடுக்கும்.

அந்தச் சகோதரி இன்னும் ஆய்வைத் தொடர்கிறார். பருவத்தின் பிற்பகுதியில் ஒரு மூத்த பேராசிரியை இரண்டு முறை அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். "உனக்கு வராது என்று யார் சொன்னது? நீ திரும்பி நின்று பேசினாலே போதும்" என்றாராம். இப்போது அவர் கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் மூன்று எண்ணிக் காத்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், நம் முதல் ஞாயிறு ஒத்திகையை நடத்தித் தர அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கலந்துரையாட:

1. உங்களுக்கு நன்றாகப் புரியவைத்த ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் என்ன செய்தார்?
2. உங்கள் வீட்டில், தெருவில் ஆய்வு மாணவர் இருக்கிறாரா? வகுப்பு எடுக்க அவருக்குப் பயிற்சி கிடைத்ததா என்று கேட்டீர்களா?
3. நம் மஹல்லாவில் ஞாயிறு ஒத்திகைக்கு இடமும் வழிகாட்டியும் தர யாரெல்லாம் முன்வருவார்கள்?