மீன் தொட்டி விளக்கும் மின் பாதுகாப்பும்

சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் வண்ணமீன் வளர்ப்பு வீட்டுத் தொழிலாகத் தழைத்திருப்பதை நாம் அறிவோம். நம் ஊர்களிலும் அதனைக் கைக்கொள்வோர் உளர். தொட்டியில் நீர்ச்செடி செழிக்க மெட்டல் ஹாலைடு விளக்கு அமைப்போர், நீருக்கு மேலே 230 வோல்ட் மின்சாரம் ஓடுவதை மறத்தலாகாது.

விளக்கைத் துடைக்குமுன் சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். பல்பு கடுஞ்சூடு உடையது. அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூட்டில் நீர்த்துளி பட்டால் கண்ணாடி வெடிக்கக்கூடும். அணைத்த விளக்கு ஆறிய பின்னரே மீண்டும் எரியும். அதனைப் பழுதெனக் கருதிக் கழற்றுதல் வேண்டா.

சோக்குடன் இணைந்த இக்னைட்டர், விளக்கு எரியத் தொடங்குகையில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை உண்டாக்கும். கண்டென்சரோ, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஆகவே அப்பெட்டியைத் திறக்கும் வேலையைத் தேர்ந்த மின்பணியாளரிடமே விடுதல் நன்று.

வெளிக்கண்ணாடி உடைந்த பல்பை எரிக்கலாகாது. கண்ணையும் தோலையும் கெடுக்கும் புறஊதாக் கதிர் வெளிப்படும். பல்பினுள் பாதரசம் உண்டு. பழைய பல்பைக் குளத்திலோ வயலிலோ எறிதல் கூடாது.

வயர், பிளக்கின் மட்டத்திற்குக் கீழே தாழ்ந்து வளைந்து, பின் மேலேறிப் பிளக்கை அடைய வேண்டும்; வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரில் மீன் வளர்ப்போரிடம் இவ்விரண்டும் உளவா என வினவி, இல்லாதவர்க்கு எடுத்துரைப்பார்களாக.