ஊரைத் தேடுங்கள், ஆள் கிடைப்பார்

அன்புள்ள எட்மண்டன் வாசகிக்கு,

பேரனுக்கு உங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறை சொல்ல முடிகிறது, சம்பந்தி வீட்டுப் பக்கம் கேட்டால் கொள்ளுத்தாத்தாவோடு பேச்சு நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மருமகளிடம் இருப்பது ஒரே ஒரு பழைய குடியுரிமைத் தாள். பெயர் வில்லியம், பிறந்த நாடு ஆஸ்திரியா, கனடாவுக்கு வந்தது 1899, தாளின் தேதி 1904. வீட்டில் எல்லோரும் உக்ரேனியர் என்கிறார்களே, இதில் எது பொய் என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே பொய்யில்லை. முதல் உலகப்போருக்கு முன் கனடாவுக்கு வந்த உக்ரேனியர் ஏறத்தாழ 1,70,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கலீசியா, புக்கோவினா என்ற இரண்டு மாகாணங்களிலிருந்து புறப்பட்டவர்கள். இரண்டும் அன்று ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தன. கப்பல் பட்டியல் எழுதியவர் ‘ஆஸ்திரியர்’ என்று போட்டார். அடுத்த எழுத்தர் ‘கலீசியர்’ என்றார், இன்னொருவர் ‘ருத்தேனியர்’ என்றார். ‘போலந்துக்காரர்’, ‘ரஷ்யர்’ என்று எழுதிவைத்தவர்களும் உண்டு. உக்ரேன் என்றொரு நாடு அன்று தேசப்படத்தில் இல்லை. அந்தப் பெயரைப் போட்டு அந்தக் காலத்துப் பதிவேடுகளைத் தேடினால் பொழுதுதான் வீணாகும்.

நாட்டை மறந்துவிடுங்கள். ஊரைத் தேடுங்கள். கலீசியாவின் கிழக்குப் பகுதியை 1918 வரை ஆஸ்திரியா ஆண்டது, பிறகு போலந்து, பிறகு சோவியத், 1991 முதல் உக்ரேன். ஸ்தானிஸ்லாவிவ் என்ற நகரம் 1962இல் இவானோ-பிரான்கிவ்ஸ்க் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் ஞானஸ்நானப் பதிவேடுகள் கிராமத்தின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. கிராமம் தெரியாமல் ஆள் பெயரை மட்டும் சொன்னால் எந்த ஆவணக் காப்பகத்திலும் கையை விரித்துவிடுவார்கள். கிராமத்தின் பெயரோடு அது எந்த வட்டம் என்பதும் வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் அங்கே நாலைந்து ஊர்கள் இருக்கும்.

அவசரப்பட்டு உக்ரேனுக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். முதலில் தேட வேண்டியவை எல்லாம் உங்கள் ஊரிலும் அதன் கிழக்கே காரில் போய்வரும் தூரத்திலும் இருக்கின்றன. காரணம் இருக்கிறது. 1891 செப்டம்பரில் இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் என்ற இரண்டு குடியானவர்கள் மான்ட்ரியலில் வந்து இறங்கினார்கள். இருவரும் கலீசியாவில் காலுஷ் பக்கத்திலுள்ள நெபிலிவ் கிராமத்துக்காரர்கள். பிலிப்பிவ் ஊர் திரும்பி, கனடாவில் நிலம் சும்மா கிடக்கிறது என்று சொல்லி ஆள் சேர்த்தார். ஜனங்களைக் கிளப்பிவிடுகிறார் என்று ஆஸ்திரிய அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். ஆனாலும் நெபிலிவ் குடும்பங்கள் கிளம்பிவிட்டன, எட்மண்டனுக்குக் கிழக்கே எட்னா-ஸ்டார் பகுதியில் போய்க் குடியேறின. 1895இல் யோசிஃப் ஒலெஸ்கிவ் என்ற வேளாண்மை ஆசிரியர் கனடாவின் நிலத்தைப் பற்றிச் சிறு நூல்கள் எழுதி வெளியிட்ட பிறகு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். கலீசியக் குடியானவர்களில் பெரும்பாலோரிடம் ஐந்து ஹெக்டேருக்கும் குறைந்த நிலமே இருந்தது, அதையும் பிள்ளைகளுக்குப் பங்கு போட வேண்டும். கனடாவில் பதிவுக் கட்டணம் பத்து டாலர், கையில் 160 ஏக்கர். யாருக்குத்தான் கால் நிற்கும்?

(எலெனியாக் நீண்ட காலம் இருந்தார். 1947 ஜனவரியில் ஒட்டாவாவில் நடந்த முதல் கனடியக் குடியுரிமை விழாவில் சான்றிதழ் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். வந்து 55 வருடம் கழித்து!)

இப்படி ஊரோடு ஊராக வந்தவர்கள் அடுத்தடுத்த நிலத்தையே கேட்டு வாங்கினார்கள். அதனால் உங்கள் வில்லியத்தின் ஊர் எந்தத் தாளிலும் கிடைக்காவிட்டால் அவருடைய பக்கத்து நிலத்துக்காரர்களின் ஊரைப் பாருங்கள். நாலு வேலி தாண்டுவதற்குள் விஷயம் தெரிந்துவிடும்.

ஆல்பர்ட்டா மாகாண ஆவணக் காப்பகம் எட்மண்டனிலேயே இருக்கிறது. அங்கே அவருடைய நிலக் கோப்பைக் கேளுங்கள். நிலம் சொந்தமாவதற்கு மூன்று வருடம் அங்கே குடியிருந்து, காட்டைத் திருத்தி, பிரிட்டிஷ் பிரஜையாகவும் ஆகியிருக்க வேண்டும். மருமகளிடம் உள்ள 1904ஆம் வருடத் தாள் பெரும்பாலும் அதற்காக வாங்கியதுதான். கோப்பில் பட்டா கேட்டுக் கொடுத்த வாக்குமூலம் இருக்கும். எந்த வருடம் எத்தனை ஏக்கர் உழுதார், மாடு எத்தனை, வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, என்ன மதிப்பு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். அடியில் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு பெருக்கல் குறி. கூடவே அவருக்காகச் சாட்சி சொன்ன இரண்டு அண்டை வீட்டார். அந்த இரண்டு பெயர்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அந்தக் கோப்பிலேயே விலைமதிப்புள்ள வரி அதுதான்.

அடுத்தது கல்லறை. ஆங்கிலத்தில் செதுக்கிய கல் இருந்தால் பெயரும் வருடமும்தான் மிஞ்சும். பழைய கற்கள் சிரிலிக் எழுத்தில் இருக்கும், சிலவற்றில் பிறந்த ஊரையே செதுக்கியிருப்பார்கள். ஆங்கில ‘சி’ போலத் தெரியும் ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் அது ‘செலோ’, அதாவது கிராமம். ‘போவித்’ என்பதன் சுருக்கத்துக்குப் பின்னால் வருவது வட்டம். எந்தத் தேவாலயத்துக் கல்லறை என்பதையும் பாருங்கள். கலீசியர்கள் கிரேக்கக் கத்தோலிக்கர், புக்கோவினாக்காரர்கள் ஆர்த்தடாக்ஸ். இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது, கனடா வந்த பிறகு கட்சி மாறிய கலீசியர்கள் நிறையப் பேர். ஸ்டார் ஊர்த் தேவாலயம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையை எல்லாப் புலம்பெயர்ந்த குடும்பங்களும் சொல்கின்றன. நான் அதை நம்புவதில்லை. கப்பல் பட்டியலைப் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி ஆட்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பெயர் மாறியது பிற்பாடு, பள்ளிக்கூடத்திலும் ரயில்பாதை வேலையிலும். வில்லியம் என்றிருப்பவர் பெரும்பாலும் வாசில். இவான் ஜான் ஆனார், ஹ்ரிஹோரி ஹாரி ஆனார். ஹாம்பர்க் வழியாகப் போயிருந்தால் அந்தப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை இருக்கின்றன. பிரெமனிலிருந்து போனவர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

ஊர் தெரிந்த பிறகுதான் உண்மையான விருந்து. பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784இல் போட்ட உத்தரவால் கலீசியப் பாதிரியார்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் கட்டம் போட்ட ஏடுகளில் லத்தீனில் எழுதினார்கள், பிரதி ஒன்று ஆயரகத்துக்குப் போனது. பிறப்பு ஏட்டில் முதலில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பிறகு வீட்டு எண், குழந்தையின் பெயர். வாசிலை ‘பசிலியுஸ்’ என்று எழுதியிருப்பார்கள், மிரண்டுவிடாதீர்கள். அதன் பிறகு மதம், ஆணா பெண்ணா, முறைப்படி மணந்தவர்களுக்குப் பிறந்ததா என்ற கட்டங்கள். கடைசியில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஏடுகளில் பெற்றோர் யாருடைய மகன், யாருடைய மகள் என்பதும் பெரும்பாலும் இருக்கும். பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயரையும் காணலாம். ஆக ஒரே வரியில் மூன்று தலைமுறை. பிறகு அதே வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

கலீசிய ஏடுகளில் பெரும்பகுதி லிவீவ் நகரிலுள்ள மத்திய அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சில வார்சாவிலும் பிஷெமிஷிலும் கிடக்கின்றன. புக்கோவினா என்றால் செர்னிவ்ட்சி. ஃபேமிலிசெர்ச் இணையதளம் நிறையப் பக்கங்களைப் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள். டி.என்.ஏ. சோதனையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் மருமகளுக்குக் கிடைக்கும் உறவுகள் பெரும்பாலும் சஸ்காட்செவனிலும் மானிட்டோபாவிலும் இருப்பார்கள், அவர்களுக்கும் ஊர் தெரியாது.

கடைசியாக, சம்பந்தி ஏன் தாத்தாவைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 1914இல் ஆஸ்திரியா எதிரி நாடானதும் இந்த மக்களும் ‘எதிரி நாட்டவர்’ ஆனார்கள். 24 முகாம்களில் 8,579 பேரை அடைத்தார்கள், அதில் பெரும்பாலோர் உக்ரேனியர். நீங்கள் பான்ஃப் போனபோது பார்த்திருக்கக்கூடிய காசில் மலையடிவாரத்திலும் ஒரு முகாம் இருந்தது. இன்னும் 80,000 பேர் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு அடிக்கடி முகம் காட்ட வேண்டியிருந்தது. முகாம் கோப்புகளில் பெரும்பாலானவற்றை 1950களில் அரசே அழித்துவிட்டது. நிலமும் குடியுரிமையும் இருந்த உங்கள் வில்லியம் முகாமுக்குப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் 1917இல் ஒரு தேர்தல் சட்டம் வந்தது. எதிரி நாடுகளில் பிறந்து, 1902 மார்ச் 31க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களின் வாக்குரிமையை, சில விலக்குகள் தவிர, அது பறித்தது. மருமகளின் தாளில் தேதி 1904. சம்பந்தியிடம் பேச்சைத் தொடங்க இந்தத் தேதி போதும் என்று நினைக்கிறேன், கேள்வியாகக் கேட்காமல் தாளை மேசையில் வைத்துவிட்டுக் காபி போடப் போங்கள்.

நிலக் கோப்பு கைக்கு வந்ததும் சாட்சிகளின் பெயர்களையும், கல்லறைக் கல்லின் படத்தையும் அனுப்புங்கள். படம் வெயில் சாய்ந்து விழும் காலையில் எடுத்ததாக இருக்கட்டும், உச்சி வெயிலில் செதுக்கிய எழுத்து தெரியாது.

அன்புடன்,
உங்கள் பத்தியாளர்