வீட்டில் குழந்தைப் பட ஸ்டுடியோ: தொடங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், மொட்டை காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று ஒவ்வொன்றுக்கும் நல்ல படம் வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். கடை வாடகை, பெரிய முன்பணம் எதுவும் இல்லாமல் வீட்டின் ஓர் அறையிலேயே இந்தத் தொழிலைத் தொடங்கலாம். ஆனால் கேமரா பிடிக்கத் தெரிந்த எல்லோரும் இதில் நிலைத்துவிடுவதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் "இன்னொரு தடவை" என்று நிற்கவைக்கலாம். எட்டு மாதக் குழந்தையிடம் அது நடக்காது. அது தூங்கும் நேரத்துக்கும் பசிக்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் ஒத்துப்போக வேண்டும். அறை, வெளிச்சம், கட்டணம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் குழந்தையை முதலில் வைத்து அமைத்தவர்களிடம்தான் பெற்றோர் திரும்ப வருகிறார்கள்.

அறை

10-க்கு 12 அடி அறை போதும். தரைத்தளமாக இருந்தால் நல்லது. பிரசவமான உடம்போடு ஒரு தாய் மாடிப்படி ஏற வேண்டியிருக்காது. சுவருக்கு வெள்ளை அடியுங்கள். பச்சை, ரோஸ் சுவரின் நிறம் வெளிச்சத்தோடு சேர்ந்து குழந்தையின் கன்னத்தில் ஏறிவிடும். பிறகு எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு. பால் கொடுக்கத் திரை போட்ட ஒரு மூலையும், சாய்ந்து உட்கார நல்ல நாற்காலியும் அவசியம். கரண்ட் போனால் வேலை நிற்காதபடி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சிளம் குழந்தை உடம்புச் சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். படத்துக்காகத் துணியைக் குறைக்கும்போது ஏசியை அணைத்து, அறையை 26 முதல் 28 டிகிரிக்குள் வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படக்கூடாது. கோடையில் இதற்கு மாறாக, குழந்தையின் முகம் சிவந்து கழுத்து வியர்த்தால் அறை சூடாகிவிட்டது என்று பொருள். அணையாடையை உடனே தளர்த்துங்கள்.

வெளிச்சம்

நல்ல ஜன்னல் ஒன்று இருந்தால் தொடக்கத்தில் விளக்குகளே வாங்க வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் நேராக விழாது என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். நம் ஊருக்கு அது பாதிதான் பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப்பார்க்கும். ஒரு வெள்ளை மல் துணித் திரை அதைச் சரிசெய்துவிடும்.

குழந்தையைப் படுக்கவைக்கும்போது தலை ஜன்னல் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். ஒளி நெற்றியிலிருந்து மூக்கு, வாய் என்று இறங்கினால் முகம் இயல்பாக இருக்கும். கால் பக்கமிருந்து ஒளி வந்தால் நிழல்கள் மேல்நோக்கி விழுந்து, பிஞ்சு முகம்கூட அச்சமூட்டும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள்.

ஃபிளாஷ் பட்டால் கண் கெட்டுவிடும் என்று பாட்டிகள் பயப்படுவார்கள். சாஃப்ட்பாக்ஸ் வழியாகவோ சுவரில் மோதியோ வரும் மென்மையான ஒளியால் கண்ணுக்குக் கேடில்லை. ஆனாலும் வாதாடாதீர்கள். தாய்க்கு மனம் ஒப்பவில்லை என்றால் ஜன்னல் ஒளியிலேயே முடித்துக்கொடுங்கள்.

கருவிகள்

பழைய ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றும் 35 எம்எம், 50 எம்எம் லென்ஸ்களும் போதும். சின்ன அறையில் முழு உருவத்துக்கு 35, முகத்துக்கு 50. விரல், காது, உச்சி முடி எடுக்கப் பிறகு ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். தூங்கும் குழந்தைக்கு ஷட்டர் 1/125 போதும். ஓடுகிற குழந்தைக்கு 1/500-க்குக் குறையாதீர்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிட்டால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கும், எஃப் 2.8 முதல் 4 வரை பாதுகாப்பான இடம். குழந்தைக்கு மேலாகக் குனிந்து எடுக்கும்போது கேமரா வார் கழுத்தில் இருக்க வேண்டும்.

பஞ்சுமெத்தை மேகமும் பிளாஸ்டிக் பூக்களும் எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கின்றன. உங்களுக்கென்று ஓர் அடையாளம் வேண்டுமானால் வீட்டுப் பொருள்களைத் தேடுங்கள்: பாட்டி உடுத்திய சுங்குடிப் புடவை, மூங்கில் கூடை, முறம், மரத்தொட்டில். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவையைப்போல் குழந்தைத் தோலுக்கு இதமான பின்னணித் துணி கடையில் கிடைக்காது.

எந்த வயதில் என்ன படம்

பிறந்த 5 முதல் 14 நாளுக்குள் குழந்தை ஆழ்ந்து தூங்கும், கருவில் இருந்ததுபோல் சுருண்டு படுக்கும். மேலைநாட்டு ஸ்டுடியோக்கள் இந்த நாள்களைத்தான் தேடுகின்றன. நம் வீடுகளில் அது தீட்டு நாள். தாய் பிறந்த வீட்டில் இருப்பாள். பச்சைப்பிள்ளையை வெளியே எடுத்துப்போகப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அவர்கள் விரும்பினால் நீங்களே அவர்கள் வீட்டுக்குச் சென்று, தொட்டில் போடும் நாளிலோ அதன் பிறகோ எடுத்துக்கொடுங்கள். உங்கள் ஸ்டுடியோவின் வருமானம் குழந்தையின் மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தை வளர்வதைப் பத்துப் பருவங்களாக வகுத்தார்கள். படத் திட்டத்துக்கு அந்த வரிசை அப்படியே உதவும். கையூன்றித் தலைதூக்கி ஆடும் செங்கீரை, ஐந்தாம் மாதத்தை ஒட்டி வரும். குப்புறப் படுத்து நிமிர்ந்து பார்க்கும் படம் அப்போது. உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டி. இரு கைகளும் சேரும் நொடி அந்தப் படத்தின் உயிர். அடியெடுத்து வரும் வருகைப் பருவம், முதல் பிறந்தநாளை ஒட்டி. இந்த மூன்றையும் ஓர் ஆண்டுத் தொகுப்பாகக் கொடுங்கள். மாதக் கணக்கைவிட, கழுத்து நின்றுவிட்டதா, உட்காருகிறதா என்று தாயிடம் கேட்டுத் தேதி கொடுப்பதே சரி.

தேதி கொடுக்கும் முன் தடுப்பூசி நாளையும் கேளுங்கள். அரசு அட்டவணைப்படி 6, 10, 14-ஆம் வாரங்களிலும் ஒன்பதாம் மாதம் முடியும்போதும் ஊசி உண்டு. அதன்பின் ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகு குழந்தை நன்றாகத் தூங்கும். தூங்கும் படத்துக்கு அந்த நேரம் பொன்னானது. விழித்திருக்கும் படத்துக்குப் பால் குடித்து அரைமணி கழிந்த காலை நேரம் ஏற்றது.

பாதுகாப்பில் சமரசம் இல்லை

கன்னத்தைக் கைகளில் தாங்கிக் குழந்தை தானே உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம் இணையத்தில் பிரபலம். அது இரண்டு படங்களை இணைத்தது. ஒன்றில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், மற்றதில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். அந்தக் கைகளை எடிட்டிங்கில் நீக்கிவிடுகிறார்கள். குழந்தையின் தலையை ஒரு நொடிகூடத் தாங்காமல் விடாதீர்கள். தூளியும் அப்படியே: மெத்தைக்கு நாலு விரல் உயரத்தில், தாயின் கை துணியைத் தொட்டபடி எடுத்து, பிறகு உயரத்தில் தொங்குவதுபோல் ஆக்கிக்கொள்ளலாம்.

கூடையில் சுருட்டி வைக்கும்போது தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுவழி அடைபடும். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். கையோ காலோ நிறம் மாறினால் உடனே நிலையை மாற்றுங்கள். ஸ்டூல், மேசை, கட்டில் ஓரம் எதிலும் குழந்தையைத் தனியே வைக்கக்கூடாது. நேற்றுவரை புரளாத குழந்தை இன்று புரளும். விளக்குத் தாங்கிகளுக்கு மணல்மூட்டை, வயர்களுக்கு டேப். மணி, பலூன், பட்டன் பேட்டரி போட்ட ரிமோட் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். பவுடர் தூவாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் வாயில் படத்துக்காகக்கூடத் தேன் வைக்கக்கூடாது. உங்களுக்குச் சளி, இருமல் என்றால் அன்றைய வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

ஓடுகிற வயது

எட்டாம் மாதம் வாக்கில் வேற்று முகம் பார்த்தால் குழந்தை மிரளும். வந்ததும் கையில் வாங்கிக் கொஞ்சாதீர்கள். முதல் பத்து நிமிடம் தாயோடு பேசிக்கொண்டு குழந்தை பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அதுவே உங்களைப் பார்க்கத் தொடங்கும். கேமராவும் குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கட்டும்.

இரண்டு வயதுக் குழந்தையிடம் "சிரி" என்று சொன்னால் பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. வேலை கொடுங்கள்: கூடையில் பந்து போடச் சொல்லுங்கள், அப்பாவின் மூக்கைத் தொட்டுவரச் சொல்லுங்கள். தாயை லென்ஸுக்கு நேர்மேலே நிறுத்திக் கண்ணாமூச்சி காட்டச் சொன்னால் பார்வை சரியான இடத்துக்கு வரும். மொபைலில் பாட்டுப் போடுவது வேண்டாம்; கண் அதில் ஒட்டிக்கொண்டு முகம் வெறிச்சோடிவிடும். சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் கூப்பிடும் உறவினர்களை அடுத்த அறையில் உட்காரவைத்து, ஒருவரை மட்டும் பக்கத்தில் வையுங்கள். இருபது நிமிடத்தில் முக்கியமான படங்களை முடித்துவிட வேண்டும்.

படத்தில் தெரியும் நோய்

ஃபிளாஷ் போட்ட படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மறு கண்மணி வெள்ளையாகவும் ஒளிர்ந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். பக்கவாட்டுப் பார்வையாலும் அப்படித் தெரியலாம். ஆனால் கண்புரைக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய்க்கும் அது அறிகுறியாக இருக்கக்கூடும். சீக்கிரம் கண்டால் உயிரையும் பல நேரம் கண்ணையும் காக்கலாம். பெற்றோரைத் தனியே அழைத்து, பதற்றப்படுத்தாமல், "ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்" என்று சொல்லி அந்தப் படத்தையும் கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளிலும் பரிசோதிக்கலாம். அதேபோல் பச்சிளம் குழந்தையின் தோலும் கண்ணும் மஞ்சளாகத் தெரிந்தால், நிறத்தைத் திருத்தும் முன் டாக்டரிடம் காட்டினார்களா என்று கேளுங்கள்.

எடிட்டிங்கில் பால் பருக்கள், தோல் உரிதல், கீறல் இவற்றைக் குறைக்கலாம். மச்சத்தையும் பிறவித் தழும்பையும் பெற்றோர் சொல்லாமல் தொடக்கூடாது. கன்னத்துத் திருஷ்டிப்பொட்டும் அப்படியே இருக்கட்டும். குழந்தையின் நிறத்தை வெளுப்பாக்கவே வேண்டாம். அந்த நிறத்தில்தான் அது பிறந்தது, படமும் அதைச் சொல்ல வேண்டும்.

எழுத்தில் வாங்குங்கள்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கவைத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். ஆகவே ஒரு வாடிக்கையாளரின் குழந்தைப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட எழுத்து மூலம் அனுமதி வேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தம் தயாரியுங்கள்: எத்தனை படம், எப்போது கிடைக்கும், எந்தப் படத்தை எங்கே வெளியிடலாம். வெளியிட மறுக்கும் பெற்றோருக்குக் கட்டணத்தைக் கூட்டாதீர்கள். உடையில்லாத படங்களை அவர்களே அனுமதித்தாலும் இணையத்தில் ஏற்றாதீர்கள்; வீட்டு ஆல்பத்துக்கு மட்டும் கொடுங்கள்.

கட்டணம்

பக்கத்துத் தெரு ஸ்டுடியோவைப் பார்த்து விலை வைக்காதீர்கள். உதாரணத்துக்கு, கருவித் தவணை, மின்சாரம், மென்பொருள் என்று மாதம் ரூ.12,000 செலவாகி, மாதம் எட்டுப் படப்பிடிப்பு நடந்தால், ஒவ்வொன்றின் பங்கு ரூ.1,500. படப்பிடிப்பு, எடிட்டிங், பேச்சு எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம், மணிக்கு ரூ.300 என்றால் ரூ.2,100. ஆல்பத்துக்கு ரூ.2,000. ஆக ரூ.5,600 அடக்கம். இதற்கு மேல் வைப்பதுதான் லாபம். அழுகையால் இன்னொரு நாள் கூப்பிட வேண்டிவரும் படப்பிடிப்புகளுக்கும் அதிலிருந்தே ஈடுகட்ட வேண்டும்.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் இணையத்திலேயே முடியும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை வங்கிக் கடன் கேட்கலாம். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

முதல் மூன்று மாதம்

முதல் மாதம், மூன்று கிலோ எடையுள்ள பொம்மையை வைத்துச் சுற்றவும், தூக்கவும், படுக்கவைக்கவும் கை பழகுங்கள். இரண்டாம் மாதம், உறவிலும் தெருவிலும் உள்ள வெவ்வேறு வயதுக் குழந்தைகளைக் கட்டணமின்றி எடுங்கள். பெற்றோர் சம்மதித்த படங்கள் உங்கள் மாதிரி ஆல்பமாகும். மூன்றாம் மாதம் கட்டணப் பலகையை மாட்டுங்கள். எல்லாப் படங்களையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு கிளவுடிலும் சேமியுங்கள். குழந்தையின் ஐந்தாம் மாதம் இன்னொரு முறை வராது.

அந்தக் கட்டணப் பலகையில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "குழந்தைக்கு இன்று முடியவில்லை என்றால், கூடுதல் கட்டணமின்றி வேறு நாள் தரப்படும்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கவலையோடு நிற்கும் தாயிடம் முகம் சுளிக்காமல் அடுத்த தேதியைக் குறித்துக்கொடுங்கள். தன் தங்கைக்கும் தோழிக்கும் உங்கள் பெயரைச் சொல்லப்போகிறவள் அவள்தான்.