கதைப் புத்தகம் கேட்டு வருபவருக்கு

வாசிக்க விறுவிறுப்பான கதையொன்று சொல்லுங்கள் என்று கேட்பவரிடம் நம் அபிமான நூலின் பெயரை உடனே கூறிவிடாமல், கூத்தாயினும் திரைப்படமாயினும் அவரை விடியுமட்டும் விழித்திருக்கச் செய்த கதை எதுவென்று முதலில் விசாரித்தறிவதே உசிதம்.

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களின் வடமோடிக் கூத்தில் வரும் யுத்தமும் வீரமுமே ஒருவரது மனத்தைக் கவர்வனவாயின், 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை அவருக்குத் தயங்காமல் சொல்லலாம், வந்தியத்தேவன் கடல் கடந்து ஈழத்துக்கு வரும் இரண்டாம் பாகம் நம்மவருக்குத் தனி ஆனந்தம் தரும். ஆயினும் ஐந்து பாகங்களையும் ஒருங்கே சுமத்தாமல், முதற்பாகத்தை மாத்திரம் கொடுத்தனுப்புங்கள்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஓய்வு அருகியிருப்பவருக்கு, ஒவ்வொன்றும் தனித்தனியே நிறைவுறும் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ கதைகள் பொருந்தும். பேய்க்கதைப் பிரியருக்குச் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’; அதன் முடிவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவேண்டாம்.

நம் கிழக்குக் கரைக்கே உரிய பெருமையொன்றும் உண்டு. திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’, தமிழின் முதலாவது சரித்திர நாவலென்று போற்றப்படுவது. அதன் நடை பழமையானதாகையால், வாசிப்பில் ருசி ஊறிய பின்னரே அதனை எடுத்துக் கொடுங்கள். கொடுத்த நூலை ஒருவர் பாதியிலே திருப்பித் தந்தால், காரணத்தை வற்புறுத்திக் கேளாமல் வேறொன்றைக் கையில் கொடுப்பது நலம்.