யோசனையைச் சோதிக்கும் வாரங்கள்

கேள்வி: புதிய தொழில் தொடங்குவோருக்கென நடக்கும் சில வாரத் தீவிரப் பயிற்சியில் சேரலாமா? என்னிடம் யோசனை இருக்கிறதே ஒழிய, பொருள் இன்னும் தயாராகவில்லை.

பதில்: பொருள் தயாராகாமல் இருப்பதே தங்களுக்கு அனுகூலம், தயங்காமல் சேருங்கள். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 2011-ல் தொடங்கிய ஐ-கோர் பயிற்சியில், ஆராய்ச்சிசாலையே உலகமென்று வாழ்ந்த விஞ்ஞானிகளையும், ஏழு வாரத்துக்குள் 100 பேரையாவது கண்டு, அவர்களுடைய கஷ்டம் இன்னதென்று காதுகொடுத்துக் கேட்டு வரும்படி அனுப்புகிறார்கள். வாங்குவாரில்லாத சரக்கைச் செய்து முடித்தபின் வருந்துவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். 2009-ல், புதிய தொழில்களைப் பயிற்றுவிக்கும் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்தாபனத்தின் மூன்று மாதப் பயிற்சியிலிருந்த, வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட வழிசெய்யும் ஏர்பிஎன்பியின் ஸ்தாபகர்களும் இப்படித்தான் நியூயார்க் சென்று, வீட்டை வாடகைக்கு விட்டவர்களின் கதவைத் தட்டி, மங்கலான பழைய படங்களுக்குப் பதிலாக நல்ல காமிராவால் தாங்களே அறை அறையாகப் படமெடுத்துக் கொடுத்தார்கள். அதன்பிறகே வருமானம் நிமிர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

ஒரு விஷயம்: "வாங்குவீர்களா?" என்று யாரையும் கேட்காதீர்கள், தாட்சண்யத்தால் "ஆகட்டும்" என்றுவிடுவார்கள். தங்கள் யோசனை தீர்க்க எண்ணும் தொல்லையைச் சொல்லி, அது கடைசியாக எப்போது வந்தது, அதைத் தீர்க்க என்ன செலவழித்தீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேரின் பதிலையாவது நோட்டில் குறித்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போங்கள்.