பொடிப்பனியில் புதையாத ஊர்தி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. குளிர்காலத்தில் அங்கே சாலைகளைப் பனி மூடிவிடும். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அவ்வூரைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற இயந்திர வல்லுநரின் இரண்டு வயது மகன் வயிற்று அழற்சி நோயால் இறந்தான். பனி மூடிய வழியில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. பனிமீது செல்லும் ஊர்தி ஒன்றை உருவாக்க அதற்கு முன்பிருந்தே முயன்றுவந்த அவர், பல்சக்கரமும் ஓடுபட்டையும் இணைந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1959இல் அவருடைய நிறுவனம் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறிய பனி ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்றைய ஸ்நோமொபைலும் அடிப்படையில் அதே அமைப்புதான். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் சக்கரங்களுக்குப் பதிலாக முனையின்றிச் சுற்றும் ரப்பர்ப் பட்டை. இதை டிராக் என்பார்கள். நாம் ஓடுபட்டை என்போம். பட்டை தேய்ந்தோ கிழிந்தோ போனால் புதியது மாற்ற வேண்டும். ஆழமான பொடிப்பனியில் செல்வதற்கு எத்தகைய பட்டையைத் தேர்ந்தெடுப்பது? அதை எப்படிப் பொருத்துவது? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

நீளமும் அழுத்தமும்

புதிதாக விழுந்த உலர்ந்த பனி மிக இலேசானது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் நிறை 1000 கிலோகிராம். அதே கன அளவுள்ள பொடிப்பனியின் நிறை பெரும்பாலும் 50 முதல் 100 கிலோகிராம்தான். மீதி இடமெல்லாம் காற்று! அதன்மேல் ஒரு பொருளை வைத்தால், கீழுள்ள பனி நெருங்கி உறுதிப்பட்டு எடையைத் தாங்கும் வரை அப்பொருள் அமிழ்ந்துகொண்டே போகும். எவ்வளவு அமிழும் என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, அழுத்தம் தீர்மானிக்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது அல்லவா?

பட்டையின் நீளத்தை, அதன் முழுச் சுற்றை அளந்து அங்குலத்தில் குறிப்பார்கள். சமன்செய்த பாதையில் ஓடும் ஊர்திகளில் 121 அல்லது 137 அங்குலப் பட்டைகளைக் காணலாம். மலைப்பகுதி ஊர்திகளில் 154, 165 அங்குலப் பட்டைகள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டையின் அகலம் 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. பட்டைமீது இறங்கும் சுமை 250 கிலோகிராம் என்று கொள்வோம். 121 அங்குலப் பட்டையில் 90 செ.மீ. நீளம் பனியைத் தொடுகிறது என்றால், பரப்பு 3420 சதுர செ.மீ. அழுத்தம் சுமார் 7300 பாஸ்கல்.

154 அங்குலப் பட்டை 33 அங்குலம், அதாவது 84 செ.மீ. கூடுதல் நீளமுள்ளது. ஆனால் இந்த 84 செ.மீட்டரும் தரையைத் தொடுவதில்லை. பாதி மேற்புறம் சென்றுவிடும், பாதிதான் கீழே. ஆகவே தொடும் நீளம் 132 செ.மீ.; அழுத்தம் சுமார் 5000 பாஸ்கல். அறுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் காலணியுடன் நிற்கும்போது, இரு பாதங்களின் பரப்பு 400 சதுர செ.மீ. என்றால், அழுத்தம் 15,000 பாஸ்கல்! மனிதன் இடுப்பளவு புதையும் பனியில் கால் டன் சுமை மேலே செல்லும் விந்தையின் காரணம் இதுதான்.

துடுப்பும் எதிர்விசையும்

அமிழாமல் இருந்தால் மட்டும் போதாது. முன்னே செல்லவும் வேண்டும். பட்டையின் வெளிப்புறத்தில் வரிசையாக ரப்பர்த் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பனியைப் பின்னே தள்ளுகின்றன; பனி ஊர்தியை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே செயல்படுகிறது. ஆனால் பொடிப்பனி எவ்வளவு விசையைத் தாங்கும்? அளவு மீறினால் அது அறுந்து நகர்ந்துவிடும். பட்டை வெறுமனே சுழன்று தனக்குத் தானே குழி பறித்துக்கொள்ளும்.

உயரமான துடுப்பு ஆழத்திலுள்ள பனியையும் சேர்த்துப் பிடிப்பதால் அதிக விசை கிடைக்கிறது. பாதை ஊர்திகளில் ஒன்றேகால் அங்குலத் துடுப்பு போதும். பொடிப்பனிக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை வைப்பார்கள். அப்படியானால் எல்லா ஊர்திக்கும் மூன்று அங்குலம் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. கெட்டியான பாதையில் நீண்ட துடுப்பு மடங்கி மடங்கி நிமிரும். அதில் எஞ்சினின் ஆற்றல் வீணாகும். துடுப்பும் விரைவில் சிதையும். நீளமான பட்டைக்கும் குறை உண்டு: எடை கூடும், வளைவில் திரும்புவதும் கடினம்.

இடைத்தூரம்

மிதிவண்டிச் சங்கிலியின் கண்ணிகளும் சக்கரத்தின் பற்களும் சரியாகப் பொருந்த வேண்டும் அல்லவா? ஓடுபட்டையும் அப்படியே. அடுத்தடுத்த இரண்டு துடுப்பு வரிசைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை இடைத்தூரம் என்போம். 2.86 அங்குலம், 3 அங்குலம் ஆகியவை வழக்கமான இரு அளவுகள். பட்டையின் சுற்றளவு இடைத்தூரத்தின் முழு மடங்காகவே இருக்க வேண்டும். 3 அங்குல இடைத்தூரமுள்ள 165 அங்குலப் பட்டையில் 55 வரிசைகள்.

இடைத்தூரத்தை மாற்றினால் பல்சக்கரத்தையும் மாற்றியாக வேண்டும். 2.86 அங்குலத்துக்கான 8 பல் சக்கரத்தின் சுற்று 22.88 அங்குலம். 3 அங்குலத்துக்கான 7 பல் சக்கரத்தின் சுற்று 21 அங்குலம். இரண்டையும் 3.14ஆல் வகுத்தால் விட்டங்கள் ஏறத்தாழ 7.3, 6.7 அங்குலம். ஆரம் 0.3 அங்குலம் குறைகிறது. அந்த இடம்தான் உயரமான துடுப்பு மேலேயுள்ள உலோகக் கூட்டில் உராயாமல் சுழல உதவுகிறது. ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் 8 விழுக்காடு குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

பொருத்தும் முறை

முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். ஊர்தியின் பின்புறத்தை உயர்த்தி உறுதியாகத் தாங்க வைத்து, பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். பிறகு உள்ளிருக்கும் சஸ்பென்ஷனையும், பல்சக்கரங்கள் உள்ள இயக்கு தண்டையும் கழற்றினால் பழைய பட்டை வெளியே வரும். புதிய பட்டையில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதைக் கவனித்து உள்ளே வைக்க வேண்டும். பின் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் பூட்ட வேண்டும். முன்பைவிட நீளமான பட்டை என்றால், அதைத் தாங்கும் சறுக்குத் தண்டுகளையும் நீட்டிக்க வேண்டும்.

இனி இறுக்கம். இரு தாங்கிகளுக்கு இடையே தொங்கும் பட்டையின் நடுவில் எடை ஒன்றைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எடை W, தாங்கிகளின் இடைவெளி L, தொய்வு s என்றால், இழுவிசை ஏறத்தாழ WL/4s. எடை 100 நியூட்டன், இடைவெளி 120 செ.மீ., தொய்வு 4 செ.மீ. என்றால் இழுவிசை 750 நியூட்டன். தொய்வு 2 செ.மீ. ஆனால் 1500 நியூட்டன்! பட்டை மிகத் தளர்ந்தால் பற்களைத் தாண்டிக் குதிக்கும். மிக இறுகினால் தாங்கிகள் தேயும், ஆற்றல் வீணாகும். ஊர்தியின் கையேடு சொல்லும் தொய்வே சரியான அளவு. புதிய பட்டை சில மணி நேர ஓட்டத்தில் சற்று நீளும். ஆகவே மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கினால், அது தளர்ந்த பக்கம் நோக்கிச் செல்கிறது என்று பொருள். அப்பக்கத்துத் திருகைச் சிறிது இறுக்க வேண்டும். இதைச் சோதிக்க, உயர்த்திய நிலையில் பட்டையை மெல்லச் சுழல விடுவார்கள். அப்போது ஊர்திக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. பட்டை வீசும் கல்லும் பனிக்கட்டியும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பட்டை சொல்லாதது

நல்ல பட்டை முன்பு ஏற முடியாத சரிவுகளிலும் ஏறும். ஆனால் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள பனிமலைச் சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன. மேலேயுள்ள பனிப்பாளம் உறுதியானதா என்று பட்டைக்குத் தெரியாது. ஆகவே மலைக்குச் செல்வோர் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, புதைந்தவரைக் கண்டறியும் வானொலிக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி ஆகியவற்றுடன் துணையோடு செல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு தட்டில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மைதா மாவைச் சலித்துப் பரப்புங்கள். ஒரு சிறிய மரக்கட்டையை முதலில் படுத்த நிலையிலும், பிறகு வேறிடத்தில் நிறுத்திய நிலையிலும் மாவின் மேல் மெதுவாக வையுங்கள். இரு முறையும் எவ்வளவு அமிழ்கிறது என்று அளவுகோலால் அளந்து, அழுத்தத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அழுத்தம் இரு மடங்கானால் ஆழமும் இரு மடங்காகிறதா?